வலை அறுத்தவன் கணக்கு

தர்மம் செய்வதில் தமிழனுக்கு யாரும் பாடம் சொல்லித் தர வேண்டியதில்லை என்று நாம் அடிக்கடி பெருமைப்பட்டுக்கொள்வதுண்டு. அந்தப் பெருமையில் நியாயம் இல்லாமலும் இல்லை. சத்திரம் கட்டினோம், தண்ணீர்ப் பந்தல் வைத்தோம், தலைச்சுமையோடு வழி நடப்பவன் அடுத்தவன் கையை எதிர்பாராமல் பாரத்தை இறக்கி வைக்கச் சுமைதாங்கி நட்டோம். மேய்ச்சலுக்குப் போன மாடு உடம்பைத் தேய்த்துக்கொள்ள ஒரு கல் வேண்டுமே என்று யோசித்து, ஆவுரிஞ்சு கல் நட்டு, அதையும் முப்பத்திரண்டு அறங்களில் ஒன்றாக எண்ணி வைத்த ஜனங்கள் நாம். வாயில்லாப் பிராணிக்கு இரங்குவது எப்படி என்று வேறு தேசத்திலிருந்து யாரும் வந்து நமக்கு உபதேசம் செய்ய வேண்டாம்தான்.

இன்றைக்கும் நம் கொடை நின்றுவிடவில்லை. கோயில் மண்டபத்து டியூப் லைட்டில் பாதி வெளிச்சத்தை ‘உபயம்’ மறைக்கிறது என்பது பழைய வேடிக்கை. அந்த வேடிக்கையில் நான் சேர மாட்டேன். பெயருக்கு ஆசைப்பட்டாவது ஒருவன் விளக்குப் போடுகிறானே, அது நல்ல காரியம்தான். என் வழக்கு வேறு. பெயர் எழுத இடமில்லாத இடத்துக்கு நம் கை நீளுவதில்லை என்பதே என் வழக்கு. அப்படிப்பட்ட இடங்களில் மிகப் பெரியது கடல். அலைமேல் எவனும் கல்வெட்டு வைக்க முடியாது.

2022-ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் தமிழ்நாடு அரசு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. தஞ்சாவூர், புதுக்கோட்டை ஜில்லாக்களின் கரையை ஒட்டி, அதிராம்பட்டினத்திலிருந்து அம்மாபட்டினம் வரையில், பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் கடலைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக ஆக்குகிறோம் என்றது அந்த அறிவிப்பு. இந்தியாவிலேயே கடற்பசுவுக்கென்று ஒதுக்கப்பட்ட முதல் இடம் அதுதான். பத்திரிகைகளில் படம் வந்தது. தமிழ்நாடு முந்திக்கொண்டது என்று சந்தோஷப்பட்டோம். சந்தோஷப்பட்டுவிட்டுப் பக்கத்தைப் புரட்டினோம்.

அந்தப் பக்கத்தைத்தான் மறுபடி திருப்பிக் காட்ட விரும்புகிறேன்.

கடற்பசுவைக் கரையோரத்து ஜனங்கள் ஆவுளியா என்பார்கள். அது மீன் இல்லை; கன்று ஈன்று பால் கொடுக்கிற பிராணி. பத்தடி நீளம், முந்நூறு நானூறு கிலோ எடை. பாக் விரிகுடாவின் ஆழமில்லாத தரையில் புல்வெளிகள் இருக்கின்றன. பாசி என்று நினைத்துவிடாதீர்கள். வேரும் இலையும் பூவும் உள்ள செடி அது. இந்தப் பாதுகாப்பகத்துக்குள் மட்டும் அப்படிப்பட்ட புல்வெளி 12,250 ஹெக்டேர் என்று அரசாங்கக் கணக்கு. அதை ஒரு நாளைக்கு முப்பது நாற்பது கிலோ மேய்வதைத் தவிர இந்தப் பிராணிக்கு வேறு தொழில் கிடையாது. யாரையும் கடித்ததாகவோ, எவருடைய வயிற்றில் அடித்ததாகவோ அதன் பேரில் ஒரு புகாரும் இல்லை.

இந்தியக் கடல் முழுவதையும் சேர்த்து எண்ணினால் சுமார் 240 ஆவுளியாக்கள் மிஞ்சியிருக்கலாம் என்று அந்த அறிவிப்பின்போது சொன்னார்கள். அவற்றிலும் பெரும்பகுதி நம் கரையில். நம்முடைய நடுத்தரக் குடும்பத்துக் கல்யாணம் ஒன்றில் முதல் பந்திக்கு உட்காருகிற கூட்டம் இதைவிட அதிகம்.

இத்தனை குறைந்துபோன பிராணி ஏன் மறுபடி பெருகக் கூடாது? பெருகலாம், ஆனால் அதற்கு அவசரம் தெரியாது. பெண் ஆவுளியா முதல் கன்று ஈனுவதற்கு ஆறு வருஷமும் ஆகலாம், பதினேழு வருஷமும் ஆகலாம். சினையாக இருக்கும் காலம் பதின்மூன்று மாதத்துக்குக் குறையாது. ஒரு ஈற்றுக்கு ஒரே கன்று. அந்தக் கன்று ஒன்றரை வருஷம் தாயை விட்டு நகராது. அடுத்த ஈற்றுக்கு மூன்று வருஷத்திலிருந்து ஏழு வருஷம் வரை. எழுபது வருஷம் உயிரோடு இருக்கக்கூடிய பிராணி இப்படி நிதானமாகக் குடும்பம் நடத்துகிறது. எழுபது வருஷம் வாழ விட்டால் குடும்பம் தழைக்கும். நாலு தாய்ப்பசு ஒரு வருஷத்தில் செத்தால் பத்து வருஷத்து ஈற்றுக் கணக்கு அடிபட்டுப் போகும்.

சாவு எப்படி வருகிறது? பெரும்பாலும் வலையில் வருகிறது. ஆவுளியாவுக்கு மூச்சு வேண்டும். சில நிமிஷத்துக்கு ஒருமுறை மேலே வந்து மூக்கை நீட்டிக் காற்றை வாங்கிக்கொண்டு கீழே போகும். மீனுக்கும் திருக்கைக்கும் போட்ட வலையில் உடம்பு சிக்கிவிட்டால் மேலே வர முடியாது. கால் மணி நேரம்கூடத் தாங்காது. கடலில் பிறந்த பிராணி கடலிலேயே மூழ்கிச் சாகிறது.

வாசகர்கள் இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். அந்தக் கால் மணி நேரத்தில் அங்கே இருக்கிறவன் யார்? மந்திரி இல்லை, வனத்துறை அதிகாரி இல்லை, விஞ்ஞானி இல்லை, பிராணிகளைப் பற்றி உருக்கமாகக் கட்டுரை எழுதுகிற நானும் இல்லை. நாட்டுப்படகில் இரண்டு பேரோ மூன்று பேரோ இருக்கிறார்கள். வலை அவர்களுடையது, அல்லது சம்மாட்டியினுடையது. பெரும்பாலும் கடன் வாங்கிப் போட்ட வலை. கடன் கொடுத்தவனுக்குத்தான் மீனைக் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அதோடு ஒட்டிக்கொண்டிருக்கும். தண்ணீருக்குள் கனமான ஒன்று புரளுகிறது. வலையை இழுத்துப் பார்க்கிறான். ஆவுளியா. அவன் கையில் கத்தி இருக்கிறது. வலையை அறுத்தால் பிராணி பிழைக்கும், அன்றைய மீன் போகும், வலை போகும், வலை தைக்க உட்காரும் நாட்களின் கூலி போகும். அறுக்காவிட்டால் அவனை யாரும் கேட்கப்போவதில்லை, நடுக்கடலில் சாட்சி ஏது?

அவன் அறுக்கிறான். எல்லாரும் அறுப்பதில்லை, ஒரு காலத்தில் ஆவுளியா இறைச்சி இந்தக் கரையில் விலைபோனது என்பதும் உண்மைதான். ஆனால் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரைகளில் வலையில் விழுந்த ஆவுளியாவை மீனவர்கள் தாங்களாகவே விடுவித்த சம்பவங்கள் ஒன்றல்ல, பல. வனத்துறை அவர்களை அழைத்துப் பாராட்டிப் பரிசு கொடுத்ததும் உண்டு.

நான் சொல்ல வந்த விஷயம் இதுதான். இந்தப் பாதுகாப்பகத்துக்கு நன்கொடை கொடுக்க வேண்டுமா, வேண்டாமா என்று நாம் நாற்காலியில் சாய்ந்துகொண்டு விவாதிக்கிறோம். அதற்குள் முதல் நன்கொடை வந்து சேர்ந்துவிட்டது. கொடுத்தவன் நம் எல்லாரையும்விட ஏழை. ரசீது கேட்கவில்லை, வருமான வரிச் சலுகை கேட்கவில்லை, பெயர்ப் பலகையும் கேட்கவில்லை. ஆகவே நாம் கொடுக்கப்போவது தர்மம் என்று நெஞ்சை நிமிர்த்த வேண்டாம். அவன் தலையில் ஏற்றி வைத்த செலவில் நம் பங்கைத் தாமதமாகத் திருப்பிக் கொடுக்கிறோம், அவ்வளவுதான்.

‘மனிதனே சோற்றுக்கில்லாமல் இருக்கும்போது கடற்பசுவுக்கு நன்கொடையா?’ என்று கேட்கிறவர்கள் உண்டு. இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். கேட்கிறவர்களில் பாதிப் பேரை மதிக்க முடியவில்லை. ஏழை மனிதனின் பேரைச் சொல்லிப் பிராணிக்குக் கொடுக்க மறுக்கிற அநேகர், பிராணிக்குக் கொடுக்காமல் மிச்சம் பிடித்ததை ஏழை மனிதனுக்குக் கொடுத்ததாக நான் பார்த்ததில்லை. அது கிடக்கட்டும். கேள்விக்கு வருவோம். பாக் விரிகுடாவில் மனிதன் ஒரு தட்டிலும் பிராணி இன்னொரு தட்டிலுமாகத் தராசு தொங்கவில்லை. ஆவுளியா மேய்கிற அதே புல்லில்தான் இறால் குஞ்சு வளர்கிறது, நண்டு வளர்கிறது, கரைவலைக்காரனும் நாட்டுப்படகுக்காரனும் பிடிக்கிற மீன்களில் எத்தனையோ இளம்பருவத்தை அங்கேதான் கழிக்கின்றன. புல் போனால் ஆவுளியாவும் போகும், நாட்டுப்படகும் கரையேறிவிடும். விசைப்படகின் இழுவை மடி தரையைப் பிறாண்டிக்கொண்டு போகும்போது பசுவின் தீவனமும் மீனவனின் நாளைய சோறும் ஒரே இழுப்பில் வேரோடு வருகின்றன. புல்லுக்குக் கொடுக்கிற காசு இரண்டு வயிற்றுக்கும் போகிறது.

இரண்டாவது ஆட்சேபம்: ‘அரசாங்கம்தான் அறிவித்துவிட்டதே! அது அரசாங்கத்தின் வேலை. வரி கட்டுகிறோம், போதாதா?’

போதாது. ஏன் போதாது என்பதைச் சீன தேசம் நமக்குக் காட்டியிருக்கிறது. அங்கே கடற்பசு 1988 முதலே முதல் வகுப்புப் பாதுகாப்பு பெற்ற பிராணி. தெற்குக் கரையில் ஹெப்பு என்ற இடத்தில் அதற்கென்றே தேசியப் பாதுகாப்பகம் ஒன்று 1992-ல் ஏற்பட்டது. சட்டத்துக்கும் குறைவில்லை, அதை நடத்தும் அதிகாரத்துக்கும் அந்த தேசத்தில் குறைவில்லை. ஆனால் 2008-க்குப் பிறகு கடற்பசு அங்கே இருந்ததற்கான பதிவே கிடைக்கவில்லை. விஞ்ஞானிகள் தென்கரை மீனவ ஊர்களில் எழுநூற்றுக்கும் மேற்பட்டவர்களைச் சந்தித்து விசாரித்தார்கள். கடந்த ஐந்து வருஷத்தில் ஒன்றைக் கண்டதாகச் சொன்னவர்கள் மூன்றே பேர். சீனக் கடலில் இந்த இனம் அற்றுப்போனதற்குச் சமம் என்று 2022 ஆகஸ்டு மாதம் ஆய்வு வெளியாயிற்று. அடுத்த மாதம்தான் நம்முடைய பாதுகாப்பகத்தின் அறிவிப்பு! ஹெப்புவில் எல்லை உண்டு, பலகை உண்டு, பசு மட்டும் இல்லை.

நம் ஊர்ச் சட்டத்தையும் பாருங்கள். பாக் விரிகுடாவில் ஏற்படுத்தியிருப்பது சரணாலயம் என்ற வகையைச் சேர்ந்ததில்லை. ‘பாதுகாப்பகம்’ என்பது வேறு வகை. கரையோர ஜனங்களைக் கலந்துகொண்டு ஏற்படுத்துவது. மீன்பிடிக்க வராதே என்று மீனவனைத் துரத்தாதது. இது நல்ல ஏற்பாடு என்றே நினைக்கிறேன். ஆனால் அதன் அர்த்தம் என்ன? இந்தப் பாதுகாப்பகத்துக்குச் சுவரும் வேலியும் மீனவனின் மனசுதான். அந்த மனசு ஒத்துழைத்தால் பாதுகாப்பகம் உண்டு. கசந்துபோனால் வரைபடத்தில் ஒரு கோடு மட்டும் உண்டு.

கசந்துபோவதற்குக் காரணமும் இருக்கிறது. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் ஆவுளியா முதல் அட்டவணையில் இருக்கிறது. அதைக் கொன்றால் மூன்று வருஷத்திலிருந்து ஏழு வருஷம் வரை சிறை. வேட்டைக்காரனுக்கு அந்தத் தண்டனை வேண்டியதுதான். ஆனால் வலையைத் தூக்கும்போதே செத்துக் கிடக்கிற ஆவுளியாவைப் பார்த்த மீனவன் என்ன செய்வான்? ‘நான் கொல்லவில்லை, தானாக விழுந்தது’ என்று சொல்லிக்கொண்டு வழக்கும் வாய்தாவுமாக அலைய எவனுக்குத் தெம்பு இருக்கிறது? சத்தம் போடாமல் கடலிலேயே விட்டுவிட்டு வந்துவிடுவான். செத்தது எத்தனை என்ற கணக்கும் அதோடு முழுகிப்போகும். பயத்தினால் மௌனம் வளரும். நம்பிக்கை இருந்தால்தான் செய்தி கரைக்கு வரும். அந்த நம்பிக்கையைச் சம்பாதிக்கப் பணம் வேண்டும். காக்கிச் சட்டைக்குச் செலவிடுகிற பணம் வேறு, இது வேறு.

திருவாரூர் வீதியில் தேர்க்காலில் கன்று மாட்டிச் செத்தது. தாய்ப்பசு அரண்மனை வாசலில் வந்து ஆராய்ச்சி மணியை அடித்தது. அரசன் தன் மகனையே தேர்க்காலில் இட்டான் என்று நமக்கு ஒரு கதை உண்டு. சென்னை உயர்நீதிமன்ற வளாகத்தில் அந்தச் சோழனுக்குச் சிலையும் வைத்திருக்கிறோம். திருவாரூரிலிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்ல முடியாவிட்டாலும், அதே சோழ நாட்டுக் கரையில்தான் இந்தப் பசுவும் கன்றும் மேய்கின்றன. இதற்கு அடிக்க மணி இல்லை. வலைக்குள் முட்டுகிறதே, அதுதான் மணி. அதைக் கேட்கிறவன் மீனவன் ஒருவன்தான். இதில் என்னை உறுத்துவது இதுதான்: பழைய கதையில் பசுவுக்கு நியாயம் வழங்கிய அரசன் தன்னுடையதைக் கொடுத்தான். நாம் நியாயம் வழங்குகிறோம். ஆனால் வலையை மட்டும் அவனுடையதாகப் பார்த்து அறுக்கச் சொல்கிறோம்.

மகாராஷ்டிரத்தில் 2018-ல் ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். பாதுகாக்கப்பட்ட கடல் பிராணி வலையில் விழுந்து, அதை விடுவிப்பதற்காக வலையை அறுத்தால், படத்தைக் காட்டி ரூ. 25,000 வரை ஈடு வாங்கிக்கொள்ளலாம். அதற்குப் பிறகு ஆமையும் திமிங்கலச் சுறாவும் கடலுக்குத் திரும்பிய சேதிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரத் தொடங்கின. அந்தக் கரை மீனவர்களுக்கு ஒரே வருஷத்தில் ஜீவகாருண்யம் பொங்கிவிட்டது என்று அர்த்தமில்லை. இரக்கம் அவர்களிடம் முன்பே இருந்தது. இரக்கப்பட்டால் பட்டினி என்ற நிலைமைதான் மாறியது. அறுந்த வலைக்கு அந்த வாரமே பணம் வர வேண்டும் என்பது முக்கியம். ஆறு மாதம் கழித்து மேடையில் சால்வை போர்த்துவதால் கடன்காரன் வாசலை விட்டுப் போகமாட்டான். சர்க்கார் பணம் வருவதற்கு முன் கையில் கொடுக்க ஒரு நிதி இருந்தால் எவ்வளவு உபயோகம்! நம்முடைய நன்கொடைக்கு உள்ள இடம் இதுதான்.

மூன்றாவது ஆட்சேபத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பார்க்க முடியாத பிராணிக்குக் கொடுக்க மனசு வருவதில்லை என்பதே அது. 1993-ல் ஒரு ஹாலிவுட் சினிமாவில் கெய்க்கோ என்ற கருந்திமிங்கலம் நடித்தது. நிஜத்தில் அது மெக்ஸிகோவில் ஒரு கேளிக்கைப் பூங்காவின் சிறிய தொட்டியில் கிடக்கிறது என்று தெரிந்ததும் அமெரிக்கக் குழந்தைகள் சில்லறை சேர்த்து அனுப்பின. பெரிய மனிதர்களும் சேர்ந்துகொண்டார்கள். 1996-ல் அமெரிக்காவுக்கும், 1998-ல் ஐஸ்லாந்துக் கடலுக்கும் அதைக் கொண்டுபோனார்கள். 2002-ல் அது நார்வே கரைக்கு நீந்திப் போனது. 2003-ல் அங்கேயே செத்தது. கோடிக்கணக்கான டாலர் செலவு. அந்தக் குழந்தைகளின் அன்பைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனாலும் ஒன்று கவனியுங்கள்: அதற்குப் பெயர் இருந்தது, முகம் இருந்தது, சினிமா இருந்தது. வண்டலூரில் புலியைத் தத்தெடுத்தால் ஞாயிற்றுக்கிழமை குழந்தை குட்டிகளோடு போய் ‘இது நம் புலி’ என்று காட்டலாம். ஆவுளியா துள்ளாது, வித்தை காட்டாது, கலங்கிய தண்ணீரில் ஒரு முதுகு தெரியும், மறையும். அதைப் பார்க்கக் கூட்டம் கூட்டமாய்ப் படகேறினால் அதுவே அதற்கு உபத்திரவம். காணாமல் கொடுக்க வேண்டிய பிராணி அது. நாள்தோறும் காணாத கடவுளுக்கு உண்டியலில் போடுகிற நமக்கு இது கஷ்டமாக இருக்கக்கூடாது.

பணத்தால் என்ன சாதிக்க முடியும், எதைச் சாதிக்க முடியாது என்பதற்கு ஃப்ளோரிடா மாகாணம் நல்ல உதாரணம். அங்கே உள்ளது ஆவுளியாவின் ஒன்றுவிட்ட உறவு; மானட்டீ என்பார்கள். 1981-ல் அம்மாகாணத்து கவர்னர் பாப் கிரஹாமும் பாட்டுக்காரர் ஜிம்மி பஃபெட்டும் அதற்காக ஒரு சங்கம் ஏற்படுத்தினார்கள். சாதாரண ஜனங்களின் சிறு தொகைகளால் வளர்ந்த சங்கம். 1990 முதல் மானட்டீ படம் போட்ட கார் நம்பர் பலகையை விற்று, அதற்கான கூடுதல் கட்டணத்தை அதன் பாதுகாப்புக்கு ஒதுக்கினார்கள். 1991-ல் வானத்திலிருந்து எண்ணியபோது ஆயிரத்து முந்நூறுக்கும் குறைவு. 2017-ல் ஆறாயிரத்துக்கு மேல் என்று மதிப்பிட்டார்கள். படகின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சட்டமும், அதற்காக விடாமல் வழக்காடிய ஜனங்களும், அவர்களுக்குப் பின்னால் இருந்த சிறு நன்கொடைகளும் சேர்ந்து செய்த காரியம் இது.

பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். ஊர்ச் சாக்கடையும் உரம் கலந்த நீரும் காயலில் இறங்கி, தண்ணீர் பச்சையாகி, வெயில் படாமல் அடிப்புல் செத்தது. 2021-ல் ஒரே வருஷத்தில் சுமார் 1,100 மானட்டீக்கள் மாண்டன, அநேகம் பட்டினியால். அந்தக் குளிர்காலத்தில் அதிகாரிகளும் தொண்டர்களும் நின்று சுமார் தொண்ணூறு டன் லெட்டூஸ் கீரையைத் தண்ணீரில் வீசினார்கள். அதில் பொதுஜனங்களின் நன்கொடைப் பணமும் இருந்தது. கீரை வாங்கிப் போட்ட கைகளை வணங்கலாம். ஆனால் கடலின் தீவனத்தைக் கடைக் கீரையால் ஈடுகட்ட முடியுமா? புல் இருக்கும்போது கொடுக்கிற ஒரு ரூபாய், புல் போனபிறகு கொடுக்கிற நூறு ரூபாய்க்கு மேலானது. பாக் விரிகுடாவில் இன்னும் புல் இருக்கிறது.

இருப்பதைக் காப்பதோடு, போனதை நடவும் ஆரம்பித்திருக்கிறார்கள். தஞ்சைக் கரையில் ஓம்கார் அறக்கட்டளையைச் சேர்ந்தவர்கள் மூங்கில் சட்டங்களில் தேங்காய் நார்க் கயிறு கட்டி, அதில் கடற்புல்லைச் செருகி, வெறிச்சோடிய தரையில் இறக்கி வளர்த்திருக்கிறார்கள். நாற்று நடவு தஞ்சாவூருக்குப் புதிதில்லை; அதைக் கடலுக்குள் செய்கிறார்கள் என்பதுதான் புதிது! 2016 முதல் இந்திய வனவிலங்கு நிறுவனம் நடத்திய கடற்பசு மீட்புத் திட்டத்தில் மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் படிப்பு உதவித்தொகை கொடுத்தார்கள். ஆவுளியாவின் பேரால் பள்ளிக்கூடச் சம்பளம் கட்டப்படுகிற வீட்டில் அதற்கு யார் தீங்கு நினைப்பார்கள்? இவையெல்லாம் பெரிய யந்திரங்கள் கேட்கிற வேலைகளில்லை. விடாமல் வருஷக்கணக்கில் நடக்க வேண்டிய வேலைகள். வருஷக்கணக்கில் நடப்பதற்கு, வருஷாவருஷம் சொற்பமாகக் கொடுக்கிற ஆயிரம் பேர் வேண்டும். ஒரே ஒருநாள் பூமாலையோடு வந்து பெரிய காகிதக் காசோலையைப் பிடித்துக்கொண்டு படமெடுத்துக்கொள்கிற ஒரு கம்பெனியால் அது ஆகாது.

கடைசி ஆட்சேபம் நியாயமானது. ‘கொடுத்த பணம் போய்ச் சேருமா?’ என்கிறார்கள். சந்தேகப்படுங்கள், நன்றாகச் சந்தேகப்படுங்கள். ஆனால் சந்தேகத்தைக் கையை மூடிக்கொள்ள ஒரு சாக்காக வைத்துக்கொள்ளாமல், கேள்வியாக மாற்றுங்கள். நன்கொடை கேட்டு வருகிறவர்களிடம் நாலு கேள்வி கேளுங்கள். கொடுக்கும் பணத்தில் கரையோர ஜனங்கள் கைக்குப் போவது எவ்வளவு? சென்ற வருஷம் எத்தனை வலைக்கு ஈடு கொடுத்தீர்கள், அறுந்த எத்தனையாவது நாளில் கொடுத்தீர்கள்? புல் நட்ட இடத்தில் இரண்டு வருஷம் கழித்துப் போய்ப் பார்த்தீர்களா? உங்கள் கமிட்டியில் மீனவர் யாராவது உட்கார்ந்திருக்கிறாரா? இந்த நாலுக்கும் முகம் சுளிக்காமல் பதில் சொல்கிறவருக்குக் கொடுங்கள். பளபளக்கும் காகிதத்தில் தத்தெடுப்புப் பத்திரமும் பஞ்சு பொம்மையும் மட்டும் காட்டுகிறவருக்கு ஒரு வணக்கம் போட்டு அனுப்பிவிடுங்கள்.

நன்கொடையால் எல்லாம் ஆகிவிடும் என்று நான் சொல்லவில்லை. இழுவை மடியை ஆழ்கடலுக்கு அனுப்புவதும், சாக்கடையைக் கரையிலேயே தடுப்பதும் அரசாங்கம் செய்ய வேண்டியவை. அதைச் செய்யச் சொல்லி நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் காசு போட்டவனின் குரலுக்கு ஒரு தனிக் கனம் உண்டு. கோயிலுக்கு நூறு ரூபாய் கொடுத்தவன் கணக்குக் கேட்கிற தோரணையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்தத் தோரணை கடல் விஷயத்திலும் நமக்கு வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஆவுளியாவின் கிளையைச் சேர்ந்த பெரிய கடற்பசு ஒன்று வடகடலில் இருந்தது. 1741-ல் ஸ்டெல்லர் என்ற விஞ்ஞானி, கப்பல் உடைந்து ஒரு தீவில் ஒதுங்கியபோது, அதைக் கண்டு எழுதி வைத்தார். 1768-க்குப் பிறகு அதை எவரும் காணவில்லை. மனிதன் கண்டுபிடித்து, தின்று தீர்க்க இருபத்தேழே வருஷம். அன்றைக்கு அந்தத் தீவில் கத்தி வைத்திருந்தவர்களுக்கு வேறு எண்ணம் இல்லை. தடுக்கிறவர்களும் யாரும் இல்லை.

நம் கரையில் கத்தி வைத்திருக்கிறவன் வலையை அறுக்கிறான். இதைவிடப் பெரிய அதிர்ஷ்டம் ஒரு பிராணிக்கும் ஒரு சமூகத்துக்கும் வாய்க்காது. அந்த அதிர்ஷ்டத்தை எத்தனை காலம் இனாமாக அனுபவிக்கப்போகிறோம்? வீட்டில் ஒரு கல்யாணம் நடந்தால், குழந்தைக்குப் பிறந்தநாள் வந்தால், ஒரு வலையின் விலையில் பத்தில் ஒரு பங்கையாவது அந்தக் கரைக்கு அனுப்பலாம். பத்துக் குடும்பம் சேர்ந்தால் ஒரு வலை. அது யார் படகில் ஏறுகிறது என்று நமக்குத் தெரியாது. எந்த ஆவுளியாவுக்காக அறுபடுகிறது என்றும் தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் இல்லை.

இப்படி நாம் செய்யாவிட்டால் ஒரு நாள் வரும். வலைக்குள் ஏதோ கனமாகப் புரளும். மீனவன் கத்தியை எடுப்பான். வீட்டையும் கடனையும் நினைத்து ஒரு நிமிஷம் தயங்குவான். ஆவுளியாவுக்கு இருப்பதே சில நிமிஷம்தான். அந்தத் தயக்கத்துக்கு அவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு மனம் வராது. கூண்டில் நிற்க வேண்டியவர்கள் கரையில், பத்திரமாக, மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து இதைப் படித்துக்கொண்டிருக்கிறோம்.